விலியாமுவின் பெயரில் ஒரு காய்ச்சல்

லியோனே, டுட்டுயிலா
2013 மார்ச் 4

லாங்கி,

நான்கு தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் விஷயத்தைச் சொல்லியிருக்க மாட்டேன். உன் வீட்டில் போன் மணி அடித்தால் பதினைந்து பேர் சுற்றி உட்கார்ந்து காது கொடுப்பார்கள். அதனால் கப்பலில் வரும் போதகர் மனைவி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பின்னால் தோட்டத்துக்குப் போய்த் தனியாக உட்கார்ந்து படி.

விலியாமு ஹோனலூலுவிலிருந்து திரும்பி வந்துவிட்டான். அமெரிக்க ராணுவத்தில் எடுத்துக்கொள்ளவில்லை. அவனோடு போன ஐந்து பையன்களும் அங்கிருந்தே பயிற்சிக்குப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் கழுத்து மறையும் அளவுக்கு மாலை போட்டு, பாட்டுப் பாடி, மூன்று பன்றி வெட்டி வழியனுப்பினோம். வெள்ளிக்கிழமை அதே பையோடு வாசலில் வந்து நிற்கிறான். எதிர் வீட்டுக்காரி, "என்னடா, எதையாவது மறந்துட்டு வந்துட்டியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தான்.

பதினான்கு வயதில் லாரியிலிருந்து விழுந்து கை முறிந்தது உனக்குத் தெரியும். எதையும் மறைக்கக் கூடாது என்று ஆள்சேர்ப்பு சார்ஜன்ட் லெமானா சொல்லியிருந்ததால் இவன் அதை எழுதியிருக்கிறான். அந்தக் கையின் விவரம் வேண்டும் என்று அவர்கள் எங்கள் ஆஸ்பத்திரிக்கு எழுத, ஆஸ்பத்திரி அவன் கோப்பு முழுவதையும் அனுப்பிவிட்டது.

அங்கே டாக்டர் கேட்டாராம்: "உனக்குச் சின்ன வயசுல மூட்டுக்காய்ச்சல் வந்து இதய வால்வே கெட்டிருக்கு. மூணு வருஷம் மாசாமாசம் பென்சிலின் ஊசி போட்டிருக்காங்க. கை முறிஞ்சதை எழுதினவன் இதை ஏன்ப்பா எழுதல?"

வீட்டுக்கு வந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். "அம்மா, அந்த ஊசி அலெக்கிக்குத்தானே போட்டாங்க? நான் வெளிய பெஞ்சில உட்கார்ந்து ஐஸ் தின்னுட்டிருப்பேனே?"

அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. உனக்கும் இருக்கும். முட்டி வீங்கி, நெருப்பாய்க் கொதிக்கும் உன் பையனைத் தூக்கிக்கொண்டு நீ கப்பலில் வந்து இறங்கினாய். எங்கள் அமெரிக்க ஆஸ்பத்திரியில் எங்கள் தீவுக்காரர்களுக்கு ஒரு கட்டணம், உங்கள் நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு வேறு கட்டணம். அது உன்னால் ஆகாது. நான்தான் விலியாமுவின் ஆஸ்பத்திரி அட்டையை எடுத்து நீட்டினேன். இரண்டு பேருக்கும் எட்டு வயது, ஒரே உயரம். மூன்று வருஷம் அலெக்கி என் வீட்டில் வளர்ந்தான். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டினால் மட்டும் அவன் பேர் விலியாமு. அதை ஒரு விளையாட்டாகவே அவனுக்குச் சொல்லிக்கொடுத்தோம்.

இப்போது ஒரு வழி இருக்கிறது. மருத்துவ விலக்கு என்று ஒரு மனு போடலாமாம். ஹோனலூலுவில் எடுத்த புது எக்கோ ஸ்கேனில் விலியாமுவின் இதயம் சுத்தமாக இருக்கிறது. ஆனால் கெட்ட வால்வு தானாகச் சரியாகாது, அப்படியானால் பழைய கோப்பு யாருடையது என்று கேட்கிறார்கள். அது என் மகனுடையது என்று நீ ஒரு தாளில் எழுதி, உங்கள் கோர்ட்டில் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான்.

சீக்கிரம் அனுப்பு.

உன் அக்கா
ஃபுவாடினோ


சஃபோட்டு, சவாயீ
2013 மார்ச் 20

அன்புள்ள டினோ அக்காவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் நலம். நீயும் விலியாமுவும் நலமாக இருக்க தினமும் ஜெபிக்கிறேன். இந்த வருஷம் மழை விடுவதாக இல்லை, சாமைக் கிழங்கெல்லாம் அழுகுகிறது. பெரிய பன்றி ஒன்பது குட்டி போட்டு இரண்டின் மேல் படுத்து நசுக்கிவிட்டது. தேவாலயக் கூரைக்கு ஊரில் கிழக்குப் பக்கத்தாருக்கும் மேற்குப் பக்கத்தாருக்கும் போட்டி. என் வீட்டுக்காரர் செமிசிக்கு முதுகுவலி, ஆனாலும் ஏணியில் ஏறுவதை விடுவதில்லை.

நீ எழுதியதைப் படித்தேன். தோட்டத்தில் உட்கார்ந்துதான் படித்தேன். விலியாமுவை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அக்கா, நீ எழுதியிருப்பதுபோல அவ்வளவு தெளிவாக எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. அது எத்தனை வருஷம் முந்தி நடந்தது.

அலெக்கி ஆக்லாந்து போய் ஒன்றேகால் வருஷம் ஆகிறது. நியூசிலாந்து விசா குலுக்கலில் அவன் பேர் விழுந்தபோது ஊரே வந்து சாப்பிட்டுப்போனது, நீயும்தான் வந்தாய். மருத்துவப் படிவத்தில் 'இதய நோய் உண்டா' என்று ஒரு கட்டம் இருந்தது. இல்லை என்று நான்தான் குறி போட்டேன், என் கையால். சோதித்த டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து எடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சாலை போடும் வேலையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயக் குழுவில் பாடுகிறானாம். அங்கேயே நிரந்தரமாக இருக்க அனுமதி கிடைத்திருக்கிறது. என் கையெழுத்தோடு ஒரு தாள் அமெரிக்காக்காரன் கைக்குப் போனால், அது நியூசிலாந்துக்காரன் கைக்குப் போகாது என்று உன்னால் உறுதி சொல்ல முடியுமா? பொய் சொல்லி வந்தவன் என்று அவனைத் திருப்பி அனுப்பிவிட்டால் நான் என்ன செய்வேன்?

நீ படித்தவள், உனக்கு வேறு வழி தெரியும். எல்லாப் பையன்களுமா ராணுவத்துக்குப் போகிறார்கள்? மீன் ஆலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று போதகர் மனைவி சொன்னாள். உன் பக்கத்திலேயே இருப்பானே, அக்கா. அது ஒரு சந்தோஷம் இல்லையா?

சாமைக்கிழங்கு நல்லதாகக் கிடைத்தால் அடுத்த கப்பலில் அனுப்புகிறேன்.

அன்புள்ள தங்கை
லாங்கி


லியோனே
2013 ஏப்ரல் 9

லாங்கி,

உன் பன்றிக்கு எத்தனை குட்டி என்று நான் கேட்டேனா?

ஞாபகம் இல்லையாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாயே, அது ஞாபகம் இருக்கிறதா? "அக்கா, நீ மட்டும் இல்லன்னா என் புள்ளையை மண்ணுக்குத்தான் கொடுத்திருப்பேன்" என்று சொன்னாயே, அது? மூன்று வருஷம் உன் பையனுக்குத் துணி துவைத்தேன், சோறு போட்டேன், ஊசி போட்ட இடத்தில் ஒத்தடம் கொடுத்தேன். அதை நான் சொல்லிக்காட்டியதே இல்லை. இன்றைக்குச் சொல்லிக்காட்டுகிறேன்.

இருபது வருஷம் அந்த மீன் ஆலையில் கையை வெட்டிக்கொண்டவள் நான். என் விரலை முகர்ந்து பார்த்துவிட்டு மீன் ஆலையைப் பற்றிப் பேசு. விலியாமுவின் அப்பா ராணுவத்தில் இருந்தவர். சர்க்கரை நோயில் செத்தபோதும் பெட்டியின் மேல் கொடி போர்த்தித்தான் இறக்கினார்கள். அந்தக் கொடியை மடித்து என் கையில் கொடுத்தபோது விலியாமுவுக்குப் பதினாறு வயது. அன்றிலிருந்து அவன் வேறு எதையும் யோசித்ததில்லை. தினமும் விடிந்ததும் மலைப்பாதையில் ஏறி இறங்குவான். இப்போது அந்தப் பாதைக்கே போவதில்லை. ஓடினால் பார்க்கிறவர்கள், நெஞ்சு வலிக்கப் போகிறது பார்த்து ஓடு என்கிறார்களாம். ஊர் முழுவதும் அவன் நோயாளி ஆகிவிட்டான்.

நான் சும்மா இருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய், நான்தான் பொய் அட்டை கொடுத்தேன் என்று ஒப்புக்கொண்டேன். பதிவு அறையில் இருந்த பெண் கோப்பை எடுத்துப் பார்த்தாள். "நீங்க சொல்றதை வெச்சு மட்டும் பேரை மாத்த முடியாதும்மா. அந்தப் பையனோட அம்மா வந்து சொல்லணும், இல்ல எழுதிக் கொடுக்கணும்" என்றாள். அதுவரைக்கும் உன் மகனின் நோய் என் மகனின் பெயரில்தான் இருக்கும். உன் மகன் பெயரில் அங்கே ஒரு தாள்கூடக் கிடையாது.

என் வாக்குமூலத்தை மட்டும் இணைத்து மனுவை அனுப்பினோம். சார்ஜன்ட் லெமானாவே உட்கார்ந்து தட்டச்சு செய்தார். அவரும் நம்மவர்தான், கோபம் வராதவர். "அக்கா, எந்த அம்மாவா இருந்தாலும் இப்படித்தான் எழுதுவாங்கன்னு மேலே நினைப்பாங்க. உங்க தங்கச்சி கையெழுத்து வந்தாத்தான் நிக்கும்" என்று சொல்லிக்கொண்டேதான் அடித்தார்.

உன் பிள்ளை உனக்கு எப்படியோ அப்படித்தான் என் பிள்ளை எனக்கு. கையெழுத்துப் போட்டு அனுப்புடி.

ஃபுவாடினோ


சஃபோட்டு
2013 ஏப்ரல் 27

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை.

நீ செய்ததற்கெல்லாம் நான் நன்றி சொல்லாமல் இல்லை. உன் மாமியார் சாவுக்கு நாங்கள் சீராகக் கொண்டுவந்த பாய்கள் எத்தனை என்று ஊருக்குத் தெரியும். நீ செய்ததைச் சொல்லிக்காட்டினால் நானும் சொல்லிக்காட்டலாம், ஆனால் அம்மா நம்மை அப்படி வளர்க்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அட்டையை நான் கேட்டேனா? நீயாகத்தானே எடுத்து நீட்டினாய். உன் பையன் பேரைச் சொல் என்று அலெக்கிக்குச் சொல்லிக்கொடுத்ததும் நீதான். எட்டு வயசுப் பிள்ளை, "பெரியம்மா, நான் அலெக்கியாவே இருக்கேனே" என்று அழுதான். நீ முறைத்தாய். எனக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்கிறது, போதுமா?

அலெக்கியிடம் பேசினேன். அவனுக்கு இதில் இஷ்டம் இல்லை. அவனே வேண்டாம் என்கிறபோது நான் எப்படிப் போட முடியும்?

இனி இதைப்பற்றி எழுதாதே. செமிசிக்குத் தெரிந்தால் வீட்டில் சண்டை வரும்.

லாங்கி


லியோனே
2013 ஜூன் 11

லாங்கி,

மனு தள்ளுபடி ஆகிவிட்டது. நான்கு வரிக் கடிதம். 'முந்தைய மருத்துவப் பதிவுகளுக்குப் போதிய விளக்கம் அளிக்கப்படவில்லை.' விலியாமு அதை இரண்டு தடவை படித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இடுப்பில் சுற்றியிருந்த லாவாலாவாவைக் கழற்றிக் கால்சட்டை மாட்டிக்கொண்டு நேராக மீன் ஆலைக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தான். நீ ஆசைப்பட்டது நடந்துவிட்டது. என் பக்கத்திலேயே இருக்கிறான்.

புது ஆதாரம் கிடைத்தால் ஒரே ஒரு தடவை மறுபரிசீலனை உண்டு என்று சார்ஜன்ட் சொன்னார். அதைக் கேட்க இந்தக் கடிதம் எழுதவில்லை. முழுக்கப் படி.

நேற்று விலியாமு எனக்குத் தெரியாமல் அலெக்கிக்குப் போன் செய்திருக்கிறான். நீ அலெக்கியிடம் எதுவும் கேட்கவே இல்லை என்று தெரிந்தது. அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை, லாங்கி. இவன் சொன்னதைக் கேட்டுவிட்டு அலெக்கி, "அம்மா எதுக்குடா? நானே எழுதித் தரேன். உன் பேர்ல படுத்தது நான், உன் பேர்ல எழுந்ததும் நான். அனுப்பினா அனுப்பட்டும், ஊருக்கு வந்து சாமை நடறேன்" என்றானாம். அதைக் கேட்டு விலியாமு அழுதிருக்கிறான்.

ஆனால் விலியாமு சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியம். பேசும்போது அலெக்கிக்கு மூச்சு வாங்குகிறதாம். ஒரு வாக்கியத்தை முடிக்க இரண்டு தடவை நிறுத்துகிறானாம். "என்னடா, ஓடிட்டு வந்தியா?" என்று கேட்டதற்கு, "இல்ல, மாடி ஏறினேன்" என்றானாம். அவன் இருப்பது இரண்டாவது மாடி. அங்கே போயும் ஒரு ஊசிகூடப் போட்டுக்கொள்ளவில்லை. போய்க் கேட்டால் எப்போதிலிருந்து போடுகிறாய் என்று கேட்பார்கள் என்று நீதான் வேண்டாம் என்றாயாம்.

மூன்று வருஷம் அந்தப் பிள்ளையின் நெஞ்சில் காது வைத்துத் தூங்கவைத்தவள் நான். அவன் மூச்சு எனக்குத் தெரியும். ஊசியை நிறுத்தக் கூடாது, வளர்ந்தபிறகும் நிறுத்தக் கூடாது என்று அந்த டாக்டர் நம் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். உடனே ஒரு டாக்டரிடம் போகச் சொல். அங்கே ஊசி இலவசம். தாள் பற்றி அப்புறம் பேசலாம்.

அக்கா


சஃபோட்டு
2013 ஜூன் 28

ஃபுவாடினோ,

நல்ல தந்திரம் கண்டுபிடித்திருக்கிறாய்.

நேராகக் கேட்டாய், கிடைக்கவில்லை. சொல்லிக்காட்டினாய், கிடைக்கவில்லை. இப்போது என் பையனுக்கு மூச்சு வாங்குகிறது என்கிறாய். அவன் டாக்டரிடம் போவான், மூட்டுக்காய்ச்சல் என்று எழுதுவார்கள், அந்தத் தாளைக் கொண்டுபோய் உன் சார்ஜன்ட் மேஜையில் வைப்பாய். என் கையெழுத்துகூட வேண்டாம் உனக்கு. நான் பட்டிக்காட்டுக்காரிதான், முட்டாள் இல்லை.

என் பையனிடம் என் முதுகுக்குப் பின்னால் பேச உன் பையனுக்கு யார் உரிமை கொடுத்தது? அலெக்கி இளகின மனசுக்காரன். கேட்டால் சட்டையைக் கழற்றிக் கொடுப்பான். அதனால்தான் அவனிடம் கேட்கக் கூடாது. அவன் எதையும் எழுதித் தரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். என் மேல் ஆணை வைத்திருக்கிறேன்.

ஆக்லாந்தில் இப்போது குளிர்காலம். எல்லோருக்கும்தான் மூச்சு வாங்கும். நேற்றுப் பேசினேன், நன்றாகச் சிரித்துப் பேசினான்.

உன் தீவு நாட்காட்டியில் எங்களைவிட ஒரு நாள் பின்னால் இருக்கிறது, நீ அங்கேயே இரு.

லாங்கி


லியோனே
2013 ஜூலை 2

லாங்கி,

எனக்குத் தாள் வேண்டாம். அலெக்கி டாக்டரிடம் போனது யாருக்கும் தெரியாது, எனக்குக்கூடச் சொல்ல வேண்டாம். விலியாமுவிடமும் பேசிவிட்டேன். இனி ராணுவத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்றான். இதற்குமேல் நான் என்ன செய்தால் நம்புவாய் என்று சொல், செய்கிறேன்.

உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் என்றைக்கும் போகாது. அது வேறு, இது வேறு. அவனை ஊசி போட்டுக்கொள்ளச் சொல்.

அக்கா


லியோனே
2013 ஜூலை 23

லாங்கி,

மூன்று வாரம் ஆயிற்று. பதில் இல்லை. அலெக்கியும் போனை எடுப்பதில்லை, நீ அப்படிச் சொல்லியிருப்பாய். ஒரு வரி எழுது. 'போனான்' என்று ஒரு சொல் போதும்.

அக்கா


சஃபோட்டு
2013 செப்டம்பர் 5

டினோ அக்கா,

நீயும் விலியாமுவும் அலெக்கியின் அடக்கத்துக்கு வந்து திரும்பிப் போனபிறகு எழுதுகிறேன். நேரில் சொல்ல என்னால் முடியவில்லை. நீ என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து நான்கு நாள் என் தலையை வாரிவிட்டாய். ஒரு கேள்வி கேட்கவில்லை. நீ கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். கோர்ட்டில் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டது. முத்திரையும் இருக்கிறது. அந்தக் கோப்பு அலெக்கியுடையது, அந்த வால்வு அலெக்கியுடையது, அந்த ஊசியெல்லாம் அலெக்கி போட்டுக்கொண்டது என்று எழுதியிருக்கிறேன். ஆக்லாந்து ஆஸ்பத்திரி கொடுத்த சாவுச் சான்றிதழின் நகலும் இருக்கிறது. அதில் இதய வால்வு என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். விலியாமுவின் மனுவுக்கு இது போதும் என்று நினைக்கிறேன். இனி யார் கைக்குப் போனாலும் பரவாயில்லை.

இப்போது சொல்கிறேன், கேள்.

ஆகஸ்ட் ஆறாம் தேதி அவன் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். தானாகவே போயிருக்கிறான், என் ஆணையை மீறி. அங்கே உண்மையையும் சொல்லியிருக்கிறான். சின்ன வயதில் மூட்டுக்காய்ச்சல் வந்தது, உங்கள் ஊரில் மூன்று வருஷம் ஊசி போட்டார்கள் என்று. அவர்கள் உங்கள் ஆஸ்பத்திரிக்குக் கேட்டு அனுப்பினார்கள். அந்தப் பெயரில் எங்களிடம் யாரும் சிகிச்சை பெறவில்லை என்று பதில் வந்தது. வேறு பேரில் இருக்கும் என்று அவன் சொன்னானாம். காய்ச்சல் உச்சத்தில் ஏதோ பேசுகிறான் என்று அவர்களுக்குச் சந்தேகம்.

அதனால் எனக்குப் போன் செய்தார்கள், அக்கா. நம் மொழி பேசுகிற ஒரு நர்ஸ். ரொம்ப மரியாதையாகப் பேசினாள். "அம்மா, உங்க மகன் தனக்குச் சின்ன வயசுல மூட்டுக்காய்ச்சல் வந்ததா சொல்றார். உண்மையான்னு தெரிஞ்சா வைத்தியத்துக்கு உதவியா இருக்கும்" என்றாள்.

இல்லை என்றேன்.

அவள் மறுபடியும் கேட்டாள். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா, அவசரமில்ல."

"என் புள்ளைக்கு ஒரு நாளும் நோய் வந்ததில்ல. நல்லா ஆரோக்கியமான புள்ள" என்றேன். நீதான் அவனைத் தூண்டிவிட்டு அனுப்பியிருக்கிறாய் என்று நினைத்தேன். இது உன் வேலைதான் என்று அந்த நிமிஷம் நிச்சயமாக நம்பினேன். அவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்றும் பயந்தேன். இரண்டும்தான், எது அதிகம் என்று எனக்குத் தெரியவில்லை.

சளிக்காய்ச்சல் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு நாள் அறையில் படுத்திருந்தான். ஏழாம் நாள் கூட வேலை செய்கிறவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்போதுதான் எக்கோ எடுத்தார்கள்.

கடைசியாக என்னோடு பேசியபோது கோபமே படவில்லை. "அம்மா, நீ சொன்னா எல்லாரும் நம்பிடறாங்க" என்று சொல்லிச் சிரித்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று அவனிடம் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

செமிசிக்கு இது தெரியாது. போதகருக்கும் தெரியாது. வீட்டு முன்னால் அவனுக்குக் கல்லறை கட்டுகிறார்கள், சிமெண்ட் இன்னும் காயவில்லை. எல்லோரும் வந்து, பாவம், சின்ன வயசு, கர்த்தருடைய சித்தம் என்கிறார்கள். நான் தலையாட்டுகிறேன்.

விலியாமுவைப் போகச் சொல். தாளை வீணாக்காதே.

லாங்கி


லியோனே
2013 அக்டோபர் 17

லாங்கி,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். உன்னைத் தேற்ற என்னிடம் ஒன்றும் இல்லை. அந்தக் கோப்பில் அவன் பேரை இல்லாமல் செய்தவள் நான். அந்த அட்டை என் கையிலிருந்துதான் போனது. நீ ஒரு தடவை இல்லை என்று சொன்னாய். நான் மூன்று வருஷம், மாதம் ஒரு முறை, இவன் அலெக்கி இல்லை என்று சொன்னேன்.

நீ எழுதியதை விலியாமுவுக்குக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாதோ என்னவோ. படித்துவிட்டுப் பின்பக்கம் போய் உட்கார்ந்தான். மறுநாள் வேலைக்குப் போகவில்லை. நாலு நாள் கழித்து அவனாகவே வந்து, "தாளைக் கொடும்மா, சித்தி கோர்ட்டு வரைக்கும் போய் வாங்கினது" என்று வாங்கிக்கொண்டுபோய் சார்ஜன்டிடம் கொடுத்தான். போகவேண்டும் என்ற ஆசையில் கொடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

சார்ஜன்ட் லெமானா தாளைப் படித்துவிட்டு மடித்துக் கோப்புக்குள் வைத்தார். பிறகு, "இது நிக்கும் அக்கா. இதுக்கு மேல எவனும் கேள்வி கேக்க முடியாது" என்றார். அதுபோலவே நடந்தது. போன வாரம் விலக்கு கிடைத்துவிட்டது. பழைய பதிவுகள் வேறு நபருடையவை என்று ஏற்றுக்கொள்ளப்பட்டன என்று எழுதியிருக்கிறார்கள். வேறு நபர் என்றுதான் இருக்கிறது, பேர் போடவில்லை.

நேற்று கடைசிப் படிவங்களை நிரப்ப அலுவலகத்துக்குப் போனோம். எனக்கும் வரச்சொல்லியிருந்தார்கள். முப்பது, நாற்பது கேள்விகள். கை முறிந்ததைத் தவிர எல்லாவற்றுக்கும் 'இல்லை' கட்டத்தில் குறி போட்டுக்கொண்டே வந்தான். ஒரு கேள்வி, நெருங்கிய குடும்பத்தில் இளவயதில் இதய நோயால் இறந்தவர் உண்டா என்பது. விலியாமு அங்கே நிறுத்தினான். ஆம் என்று குறி போட்டு, பக்கத்தில் இருந்த இடத்தில், 'என் தம்பி அலெக்கி செமிசி, வயது இருபது' என்று எழுதினான்.

சார்ஜன்ட் எட்டிப் பார்த்தார். "தம்பி, அவன் உன் சித்தி பையன்தானே. இந்தக் கேள்வி கூடப்பிறந்தவங்களைப் பத்தி மட்டும்தான் கேக்குது. இதை எழுதினா மறுபடியும் மேலே போகும், மறுபடியும் சோதனை, மறுபடியும் மாசக்கணக்கா காத்திருக்கணும். போனாலும் போயிடும். எழுத வேணாம்" என்றார்.

"என் கூடத்தான் வளர்ந்தான்" என்றான் விலியாமு.

"தெரியும்டா. நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அவன் எங்கயும் இல்ல சார். அந்த ஆஸ்பத்திரியில இல்ல. ஆக்லாந்துல சொன்னப்பவும் யாரும் நம்பல. உங்க கடிதத்துலயும் வேறு நபர்னு போட்டிருக்கு. இதுல இருக்கட்டும்" என்றான். குரலை உயர்த்தவே இல்லை.

சார்ஜன்ட் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சொன்னால் அவன் கேட்பான் என்று நினைத்திருப்பார். விலியாமு அடுத்த பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

உனக்கு மட்டும் சொல்கிறேன், லாங்கி. நான்கு நாள் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தவள்தான். உன் கடிதத்தைப் பத்துத் தடவை படித்தவள்தான். அப்படியிருந்தும் அந்தப் பெயரை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுக்கக் கை நீட்டினேன்.

அக்கா